மசகு அடைப்பு வளையம்

மசகு அடைப்பு வளையம் என்பது சுழலும் சக்கரக் குடத்திற்கும் சுழலாத அச்சு முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை மூடும் வட்ட வடிவ உறுப்பு ஆகும். குடத்தினுள் இருக்கும் கிரீஸ் வெளியேறாமல் காப்பதும், வெளியில் உள்ள நீர், மணல், தூசி ஆகியவை உள்ளே புகாமல் தடுப்பதும் இதன் பணிகளாகும். பட்டறை வழக்கில் இது கிரீஸ் சீல் என்றும் ஆயில் சீல் என்றும் அழைக்கப்படுகிறது. உள்ளே இருப்பது எண்ணெய் அன்று, கிரீஸ்தான் என்றாலும் தமிழகத்தில் ஆயில் சீல் என்ற பெயரே மிகுதியாக வழங்குகிறது.

சக்கரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது மிக மலிவான உறுப்பு. எனினும் இது கெட்டுப்போனால் தாங்கி (பேரிங்) துருப்பிடித்தல், தடை லைனரில் கிரீஸ் படிந்து தடை பிடிக்காமற் போதல், குடம் சூடேறித் தீப்பற்றுதல், ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று விழுதல் ஆகியவை நிகழக்கூடும். படகுகளை ஏற்றி நீருக்குள் இறக்கப்படும் இழுவண்டிகளில் இப்பழுது மிக விரைவில் ஏற்படுகிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் சாலைகளில் ஓடும் சரக்கு டிரெய்லர்களிலும் இதே பழுது இதே காரணத்தால் ஏற்படுகிறது. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரச் சாலைகள் அத்தகையவை.

அமைப்பு

இன்று பெரும்பாலான இழுவண்டிகளின் குடத்தில் இரண்டு கூம்புருளைத் தாங்கிகள் உள்ளன. ஒன்று உட்புறத்திலும் (வண்டியின் நடுப்பகுதியை நோக்கி) மற்றொன்று வெளிப்புறத்திலும் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருக்கும். வெளிப்புற முனையை ஓர் உலோகத் தொப்பி மூடுகிறது. உட்புற முனையில் அச்சு குடத்தை ஊடுருவிச் செல்வதால் அங்கு தொப்பி போட இயலாது. அவ்விடத்தில்தான் மசகு அடைப்பு வளையம் அமர்கிறது.

வளையத்தின் வெளிச்சுற்று உலோகத்தாலோ ரப்பர் பூசிய உலோகத்தாலோ ஆனது. இது குடத்தின் துளையில் இறுக்கமாக அடித்துப் பொருத்தப்படும். உட்சுற்றில் மெல்லிய ரப்பர் உதடு ஒன்று அச்சு முனையின் வழவழப்பான பகுதியைத் தழுவி நிற்கும். உதட்டின் பின்புறத்தில் மெல்லிய சுருள்வில் ஒன்று வளையமாகச் சுற்றப்பட்டு, உதட்டை அச்சின்மீது மெதுவாக அழுத்திக்கொண்டிருக்கும். பொறிகளில் பயன்படும் ஆயில் சீல்களில் பொதுவாக வளையம் அசையாமல் இருக்க, தண்டு சுழலும். இழுவண்டிச் சக்கரத்தில் இது தலைகீழ்: அச்சு அசையாமல் நிற்க, வளையம் குடத்தோடு சேர்ந்து சுழல்கிறது.

ஓர் உதடு மட்டும் கொண்ட வளையம் கிரீசைத் தடுத்து வைப்பதற்குப் போதுமானது. நீர் புகும் வாய்ப்பு உள்ள வண்டிகளுக்கு இரட்டை உதடு வளையமே ஏற்றது. இதில் சுருள்வில் உள்ள முதன்மை உதடு உள்நோக்கியும், தூசி உதடு எனப்படும் இரண்டாவது உதடு வெளிநோக்கியும் இருக்கும். உதடுகள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் செய்யப்படுகின்றன. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் அவ்வாறு ஆவதில்லை. ஆனால் இது தொடர்ந்து ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்தால் இறுகி வெடிக்கும். அதைவிட மிகுந்த வெப்பத்திற்கு 200 பாகை வரை தாங்கும் ஃபுளோரோ ரப்பர் வளையங்கள் உள்ளன.

வரலாறு

மாட்டு வண்டியின் மரச் சக்கரத்தில் தாங்கியும் இல்லை, அடைப்பும் இல்லை. குடத்தின் துளையில் அச்சு நேரடியாக உராயும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த வண்டி மை அவ்வப்போது பூசப்படும். மணல் கலந்து கெட்டுப்போன மையை வழித்தெறிந்து புதிதாகப் பூசுவதே அக்காலப் பராமரிப்பு. வழியில் அச்சு முறிவது வழக்கமான நிகழ்வாக இருந்ததால் வண்டிக்காரர்கள் மாற்று அச்சு எடுத்துச் சென்றனர். உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற சேம அச்சைப் பற்றிய குறிப்பு புறநானூற்றின் 102ஆம் பாடலில் உள்ளது. இன்று படகு இழுவண்டியுடன் நெடுந்தொலைவு செல்வோர் தாங்கிகள் பொருத்திய மாற்றுக் குடம் ஒன்றை உடன் கொண்டுசெல்வதும் இவ்வகையினதே.

கூம்புருளைத் தாங்கிக்கான காப்புரிமையை அமெரிக்காவைச் சேர்ந்த குதிரைவண்டி உற்பத்தியாளர் ஹென்றி டிம்கன் 1898ஆம் ஆண்டு பெற்றார். துல்லியமான தாங்கிகள் வந்தபின் அவற்றை மணலிலிருந்து காப்பது இன்றியமையாததாயிற்று. தொடக்கத்தில் கம்பளி வளையங்களும் தோல் வளையங்களும் பயன்பட்டன. செயற்கை ரப்பர் 1930களில் வணிக அளவில் கிடைக்கத் தொடங்கியபின் சுருள்வில் அழுத்தும் ரப்பர் உதடு பரவலானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லித்தியம் சோப்பு கிரீஸ் அறிமுகமானது. நீரையும் வெப்பத்தையும் ஒருங்கே ஓரளவு தாங்கும் இக்கிரீஸ் சக்கரத் தாங்கிகளில் இன்றும் மிகுதியாகப் பயன்படுகிறது.

நீர் புகும் விதம்

சக்கரம் நீரில் மூழ்கும் ஆழத்தின் அழுத்தத்தால்தான் குடத்தினுள் நீர் புகுகிறது எனப் பலர் கருதுகின்றனர். இது முழுமையாகச் சரியன்று. படகு இறக்கும் சரிவில் அடைப்பு வளையம் பொதுவாக அரை மீட்டர் ஆழத்திற்குமேல் மூழ்குவதில்லை. நல்ல நிலையில் உள்ள உதடு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும். உண்மையான காரணம் வெப்பநிலை மாற்றம் ஆகும்.

நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டியின் குடம் உராய்வாலும் தடையின் வெப்பத்தாலும் சூடாக இருக்கும். குடத்தினுள் உள்ள காற்று 80 பாகை செல்சியசில் (353 கெல்வின்) இருப்பதாகவும், கடல்நீர் 28 பாகையில் (301 கெல்வின்) இருப்பதாகவும் கொள்வோம். நீரில் இறக்கியவுடன் குடம் குளிர்கிறது. கன அளவு மாறாத வளிமத்தின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் உள் அழுத்தம் 301/353, அதாவது முன்பிருந்ததில் 0.85 மடங்காகக் குறைகிறது. இது வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 15 கிலோபாசுக்கல் குறைவு, 1.5 மீட்டர் உயர நீர்நிரலின் அழுத்தத்திற்குச் சமம். சக்கரம் மூழ்கும் ஆழத்தின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு வலிமையுடன் குடம் நீரை உள்ளிழுக்கிறது எனலாம். கிரீசை உள்ளே வைத்திருக்க வடிவமைக்கப்பட்ட உதடு, வெளியிலிருந்து வரும் இந்த அழுத்தத்தில் எளிதில் விலகிக்கொடுக்கிறது.

உட்புகுந்த நீர் கிரீசுடன் கலந்து பால்போன்ற குழம்பாகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இதனால் உடனடிப் பாதிப்பு குறைவே. படகு இழுவண்டி ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதுதான் சிக்கல். நிற்கும்போது ஒவ்வோர் உருளையும் வளையத்தைத் தொடும் கோட்டில் நீர் தங்கித் துருப்பிடிக்கிறது. இவ்வாறு கெட்ட தாங்கியைப் பிரித்துப் பார்த்தால், வெளிவளையத்தில் உருளைகளின் இடைவெளிக்கு ஏற்பச் சம தொலைவில் கறுத்த கோடுகள் தெரியும். மீண்டும் ஓடும்போது அக்கோடுகளில் உலோகம் செதில்களாகப் பெயர்கிறது. எனவே ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்ட தாங்கிகளே படகு இழுவண்டிகளில் மிகுதி.

வடசென்னையில்

சென்னைக் கடற்கரையில் மீன்பிடிக் கண்ணாடியிழைப் படகுகள் பொதுவாக இழுவண்டியில் ஏற்றப்படுவதில்லை. அவை மணலிலேயே ஆட்களாலோ டிராக்டராலோ கரைக்கு இழுக்கப்படுகின்றன. 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராயல் மதராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தினுள் இயங்குகிறது. இத்தகைய பாய்மரப் படகுக் கழகங்களில் சிறு படகுகளை நீரில் இறக்கப் பயன்படும் கைவண்டிகளின் சக்கரங்கள் பெரும்பாலும் உருளைத் தாங்கி இல்லாத எளிய நெகிழிச் சக்கரங்கள். உப்புநீரை எதிர்கொள்ள இதுவே மிகச் சிறந்த வழி என்றாலும், சாலையில் வேகமாக இழுத்துச் செல்ல அவை உதவா.

இப்பகுதியில் அடைப்பு வளையச் சிக்கலை நாள்தோறும் சந்திப்பவை சரக்குப் பெட்டக டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. 2001இல் எண்ணூரில் திறக்கப்பட்ட துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் உள்ளது. இவற்றுக்குச் செல்லும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச்சாலை, மணலிச் சாலை, மாதவரம் ஆகியவற்றின் வழியே ஓடுகின்றன. பல 40 அடிப் பெட்டகங்களின் பெரும மொத்த எடை 30,480 கிலோகிராம். இந்தியாவில் 2018ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி டிரெய்லரின் மூன்று அச்சுத் தொகுதி 27 டன் வரை தாங்கலாம். அதாவது ஒவ்வொரு சக்கரக் குடத்தின்மீதும் 4.5 டன் சுமை அமர்கிறது.

லாரிச் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே முழங்கால் அளவு நீரே அடைப்பு வளையத்தைத் தொட்டுவிடும். வியாசர்பாடி தாழ்வான பகுதி. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிறையும்போது தெருக்களில் நீர் தேங்குகிறது. இங்குள்ள கணேசபுரம் சுரங்கப்பாதை வடகிழக்குப் பருவமழையில் நீரில் மூழ்குவதற்குப் பெயர்பெற்றது. சூடான குடத்துடன் தேங்கிய நீரில் இறங்கும் லாரிக்கும், சரிவில் இறக்கப்படும் படகு இழுவண்டிக்கும் இயற்பியல் நோக்கில் வேறுபாடு இல்லை. மலைப்பாதையில் இறங்கியபின் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் ஓட்டுநர் வழக்கமும் இதே உறிஞ்சலை உண்டாக்குகிறது. டிரம் வெடிக்கும் அபாயம் அதில் கூடுதல்.

2015 திசம்பர் வெள்ளத்தின்போது சென்னை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று நகரின் உட்பகுதிகளில் சிக்கியவர்களை மீட்டனர். 2023 திசம்பரில் மிக்சாம் புயலால் வடசென்னை மீண்டும் மூழ்கியது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு பரவியதும் அப்போதுதான். இத்தகைய வெள்ளங்களில் நாட்கணக்கில் நீரில் நின்ற வண்டிகளின் எஞ்சினும் மின்கம்பிகளும் உடனே கவனிக்கப்படுகின்றன. வண்டி ஓடுகிறது என்பதால் சக்கரக் குடங்கள் மறக்கப்படுகின்றன. சில மாதங்கள் கழித்துத் தாங்கி கெடும்போது வெள்ளம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மீன்பாடி வண்டிகளில் வெள்ளம் வரவேண்டிய தேவையே இல்லை. பனிக்கட்டி உருகி வடியும் மீன்நீரே போதும்.

பழுதின் அறிகுறிகள்

சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் கோடுகளாகத் தெறித்திருப்பது முதல் அறிகுறி. தொப்பியைக் கழற்றினால் கிரீஸ் வெளிறிப் பால்நிறமாகவோ துருவேறிய பழுப்பாகவோ இருப்பது நீர் புகுந்ததைக் காட்டும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றும்போது கரகரவென்ற ஒலி எழுந்தால் தாங்கியே கெட்டுவிட்டது எனலாம். பயணத்தின் இடையில் நிறுத்தி எல்லாக் குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது லாரிக் கிளீனர்களின் பழைய வழக்கம். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அளவிடும் கருவி ஏதும் இல்லாத இம்முறை மிக நம்பகமானது.

மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி மற்றச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைக்கவேண்டும். சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் அச்சை ஜாக்கியால் தூக்கி, அதனடியில் உறுதியான தாங்குகால் வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது உயிருக்கு ஆபத்து. சக்கரத்தையும் தொப்பியையும் கழற்றியபின் ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் ஆகியவற்றை எடுத்தால் வெளிப்புறத் தாங்கி கையோடு வந்துவிடும். பின் குடத்தை நேராக வெளியே இழுக்கலாம். அடைப்பு வளையத்தைப் பின்புறத்திலிருந்து நெம்பி எடுக்கவேண்டும். இவ்வாறு எடுக்கப்பட்ட வளையம் நெளிந்துவிடும் என்பதால் அதை மீண்டும் பயன்படுத்தலாகாது.

தாங்கிகளை மண்ணெண்ணெயில் கழுவி உலரவைக்கவேண்டும். அமுக்கக் காற்றை அடித்து உருளைகளைச் சுழலவிடுவது சில பட்டறைகளில் காணப்படும் விளையாட்டு. கிரீஸ் இல்லாமல் மிகுவேகத்தில் சுழலும் தாங்கி சிதறிக் காயப்படுத்தக்கூடும். குழிகள், செதில்கள், வெப்பத்தால் ஏற்பட்ட நீலநிறம் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் தாங்கியை மாற்றவேண்டும். உருளைகளோடு கூடிய உள்வளையத்தையும், குடத்தில் அமர்ந்துள்ள வெளிவளையத்தையும் இணையாகவே மாற்றவேண்டும்.

அடுத்து, பலரும் தவறவிடும் சோதனை: உதடு தொடும் அச்சுப் பகுதியை நகத்தால் வருடிப் பார்க்கவேண்டும். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளமோ துருவோ இருந்தால் எத்தனை புதிய வளையம் போட்டாலும் கசியும். இலேசான துருவை நுண்ணிய உப்புத்தாளால் சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்து நீக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் ஏற்படும் கீறல்களே நீர் செல்லும் வழியாகிவிடும். பள்ளம் ஆழமானால் அதன்மேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறை ஒன்றை ஏற்றலாம்.

புதிய வளையத்தின் அளவு அதன்மேல் மூன்று எண்களாக மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும்: அச்சின் விட்டம், குடத் துளையின் விட்டம், தடிமன். அமெரிக்க இழுவண்டிகளில் அங்குல அளவுகள் வழங்குகின்றன. அங்கு 3,500 பவுண்டு அச்சில் உட்புறத்தில் எல்68149, வெளிப்புறத்தில் எல்44649 என்னும் எண்ணுள்ள தாங்கிகள் பொதுவாக உள்ளன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாங்குவோர் பழைய வளையத்தையே கையில் கொண்டுசெல்வது வழக்கம். எண் அழிந்திருந்தால், நெளிந்த பழைய வளையத்தைவிட அச்சையும் துளையையும் காலிபரால் அளந்து செல்வதே நல்லது.

உட்புறத் தாங்கியில் கிரீஸ் நிரப்பி முதலில் வைக்கவேண்டும். உள்ளங்கையில் கிரீசை எடுத்து, தாங்கியின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால், குறுகிய பக்கத்தில் உருளைகளின் இடையே கிரீஸ் பிதுங்கி வரும். சுற்றிலும் இவ்வாறு வரும்வரை செய்யவேண்டும். மேற்பூச்சாகத் தடவுவது பயனற்றது. அதன்பின் வளையத்தைச் சுருள்வில் உள்ள பக்கம் உள்நோக்கி இருக்குமாறு வைத்து, அதன்மேல் தட்டையான மரக்கட்டையை வைத்துச் சமமாகத் தட்டி இறக்கவேண்டும். சுத்தியலால் நேரடியாக அடித்தால் உலோகச் சுற்று கோணிக்கொள்ளும். உதட்டில் கிரீஸ் தடவாமல் உலர்ந்த நிலையில் ஓடவிட்டால் முதல் சில கிலோமீட்டரிலேயே உதடு கருகிவிடும்.

குடத்தை அச்சில் ஏற்றும்போது மரையின் கூர்முனை உதட்டைக் கிழிக்காமல் நேராகச் செலுத்தவேண்டும். வெளிப்புறத் தாங்கி, வாஷர், நட்டு ஆகியவற்றைப் பொருத்தியபின் சிறிய இழுவண்டிகளில் குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை ஏறத்தாழ 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பின் குடத்தைச் சுழற்றாமல் முற்றிலும் தளர்த்தி, இறுதியாக விரலால் மட்டும் இறுக்கிப் புதிய ஸ்பிளிட் பின் போடவேண்டும். பின் துளை ஒத்துவராவிடில் நட்டை அடுத்த வெட்டுக்குத் தளர்த்தவேண்டுமே தவிர இறுக்கலாகாது. கனரக டிரெய்லர்களுக்கு உற்பத்தியாளர் தரும் இறுக்க அளவு வேறு. அவற்றில் குடத்தின் அச்சுவாக்கு ஆட்டம் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். மிகை இறுக்கம் தாங்கியைச் சூடாக்கும்; மிகைத் தளர்வு குடத்தை ஆடவிட்டு உதட்டை ஒருபக்கமாகத் தேய்க்கும்.

கிரீஸ் தேர்வும் அளவும்

சக்கரத் தாங்கிக்கு இரண்டாம் எண் கெட்டித்தன்மையுள்ள லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸ் பொதுவாகப் போதுமானது. உப்புநீரில் இறங்கும் வண்டிகளுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் மேலானது. நீர் கலந்தாலும் இது எளிதில் இளகாது, துருவையும் தடுக்கும். விலை குறைந்த பழைய வகைக் கால்சியம் கிரீசும் நீரைத் தாங்கும். ஆனால் 100 பாகைக்கு அருகிலேயே உருகிவிடுவதால் தடையுள்ள சக்கரங்களுக்குப் பொருந்தாது. கிரீசின் நிறம் அதன் தரத்தையோ வகையையோ காட்டாது. வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலந்தால் கலவை இளகி ஓடிவிடக்கூடும் என்பதால், வகையை மாற்றும்போது பழையதை முற்றிலும் கழுவி நீக்கவேண்டும்.

எவ்வளவு நிரப்புவது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. லாரிக் குடத்தின் உள்வெளி முழுவதும் நிரப்பினால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும். எனவே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரப்பிக் காற்றுக்கு இடம் விடுவது வழக்கம். படகு இழுவண்டியிலோ அந்தக் காற்றுதான் குளிர்ந்து சுருங்கி நீரை உறிஞ்சுகிறது. எனவே படகு வைத்திருப்போர் குடத்தை ஏறத்தாழ முழுமையாக நிரப்புகின்றனர். ஓடும் தொலைவும் சுமையும் குறைவு என்பதால் இவ்வண்டிகளுக்கு இது ஏற்புடையதே. பெட்டக டிரெய்லருக்கு இதைப் பின்பற்றலாகாது.

காப்புக் கருவிகள்

தொப்பிக்கு மாற்றாகப் பொருத்தப்படும் பேரிங் பட்டி போன்ற கருவிகளில் சுருள்வில்லால் தள்ளப்படும் தட்டு ஒன்று, குடத்திலுள்ள கிரீசை எப்போதும் ஏறத்தாழ 20 கிலோபாசுக்கல் அழுத்தத்தில் வைத்திருக்கும். மேலே கணக்கிட்ட 15 கிலோபாசுக்கல் உறிஞ்சலை ஈடுசெய்ய இது போதும். ஆயினும் கிரீஸ் துப்பாக்கியால் அளவுமீறி அடித்தால் பின்புற அடைப்பு வளையமே பெயர்ந்து வந்துவிடும். இக்கருவி பொருத்தியவர்கள் குடத்தைப் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிடுவதும் உண்டு. அச்சின் நடுவே துளையிட்டு உட்புறத் தாங்கியின் பின்புறம்வரை கிரீஸ் செலுத்தும் அச்சுகளிலும் இதே குறை காணப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையோ ஏறத்தாழ 19,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, எது முன்னதோ அப்போது, குடத்தைப் பிரித்துப் புதிய வளையம் போடவேண்டும் என்பது அமெரிக்க அச்சு உற்பத்தியாளர்களின் பொதுவான பரிந்துரை. கடல்நீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு இக்கால அளவு இன்னும் குறையும்.

மிக எளிய காப்பு செலவில்லாதது. சரிவை அடைந்தவுடன் படகை இறக்காமல் குடங்கள் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தால் உறிஞ்சல் பெருமளவு குறைகிறது. வெள்ளநீரில் இறங்கவேண்டிய லாரிக்கும் இது பொருந்தும். வண்டி நீரிலிருந்து கரையேறியபின் சக்கரங்களை நன்னீரால் கழுவுவது வெளிப்புறத் துருவைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே உட்புகுந்த உப்பை வெளியேற்றாது.